நாப் லாஜவே: ஒரு பழைய பேஸ்பால் வீரரின் கணக்கைப் படிப்பது எப்படி

பேஸ்பால் வீரர் ஒருவரைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு நீளமான அட்டவணை. வருடத்துக்கு ஒரு வரி. எந்த அணி, எத்தனை ஆட்டம், எத்தனை ஹிட், சராசரி என்ன என்று எண்களாகவே ஓடும். பேஸ்பால் பார்த்துப் பழகாதவருக்கு அதில் ஒன்றும் பிடிபடாது. வீரர் நூறு வருடத்துக்கு முந்தையவர் என்றால் குழப்பம் இன்னும் கூடும். அன்றைய விதிகள் வேறு, பந்து வேறு, வீரருக்கும் முதலாளிக்கும் இருந்த உறவு முற்றிலும் வேறு.

ஆனால் அந்த அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அதைவிடச் சுவாரசியமான வாழ்க்கை வரலாறு கிடையாது என்பது என் எண்ணம். அதைக் காட்ட ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். நெப்போலியன் லாஜவே. ரசிகர்களுக்கு நாப். 1896 முதல் 1916 வரை பெரிய லீக்குகளில் ஆடியவர், பெரும்பாலும் இரண்டாம் பேஸில். அவர் கணக்கில் பார்த்ததும் புருவத்தை உயர்த்த வைக்கும் எண்கள் சில உண்டு. 1901-ல் சராசரி .426. 1902-ல் பிலடெல்பியா அணிக்கு ஒரே ஓர் ஆட்டம். 1905-ல் வெறும் 65 ஆட்டம். 1910-ல் எந்தப் புத்தகத்தைத் திறக்கிறோமோ அதைப் பொறுத்து மாறும் ஒரு சராசரி. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் களத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு சதுரத்தை மூலை கீழே வருமாறு திருப்பி வைத்தால் அதுதான் பேஸ்பாலின் உள்களம். ஒவ்வொரு பக்கமும் 90 அடி. கீழ் மூலையில் பேட்டர் நிற்பார். நடுவில், அவரிடமிருந்து 60 அடி 6 அங்குலம் தள்ளி, பிட்சர். மற்ற மூன்று மூலைகளும் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்கள். அடித்தவர் அவற்றை வரிசையாகத் தொட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். ஒரு பக்கத்துக்கு மூன்று அவுட் ஆனால் மறுபக்கம் பேட் செய்ய வரும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ்.

இந்தச் சதுரத்தைக் காக்கும் நால்வர்தான் இன்ஃபீல்டர்கள். முதல் பேஸில் ஒருவர், மூன்றாம் பேஸில் ஒருவர், இரண்டாம் பேஸுக்கு இடப்புறமும் வலப்புறமும் ஆளுக்கொருவர். அதில் மூன்றாம் பேஸ் பக்கம் நிற்பவருக்கு ஷார்ட்ஸ்டாப் என்று பெயர். முதல் பேஸ் பக்கம் நிற்பவரே இரண்டாம் பேஸ்காரர். தரையோடு சீறி வரும் பந்தை எடுத்து, பேட்டர் முதல் பேஸுக்கு ஓடி வந்து சேருமுன் அங்கே எறிந்துவிட வேண்டும். இதுதான் இவர்களின் அன்றாட வேலை. பந்து கையில் சரியாக அமராமல் ஒரு கணம் தடுமாறினாலும் ஓடுபவர் தப்பிவிடுவார்.

இரண்டாம் பேஸ்காரருக்கு இதைவிட ஆபத்தான வேலை ஒன்று உண்டு. முதல் பேஸில் ஏற்கெனவே எதிரணி ஆள் ஒருவர் நிற்கிறார், ஷார்ட்ஸ்டாப் பக்கம் பந்து உருண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷார்ட்ஸ்டாப் அதை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிவார். லாஜவே ஓடி வந்து, பேஸை மிதித்தபடி பந்தைப் பிடித்து, உடம்பைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிய வேண்டும். ஒரே அடியில் இரண்டு அவுட். அந்தத் திரும்பும் கணத்தில்தான் முதல் பேஸிலிருந்து ஓடி வருபவர் காலை நீட்டிச் சறுக்கிக்கொண்டு வந்து மோதுவார். அவர் ஷூவின் அடியில் இரும்பு முட்கள் இருக்கும். எறிபவரின் காலைத் தட்டிவிடுவது அன்றைக்கு ஆட்டத்தின் இயல்பான பகுதி. பந்தைப் பார்ப்பதா, வருகிற காலைப் பார்ப்பதா என்று யோசிக்க நேரம் கிடையாது.

அன்றைய கையுறையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கையுறை பெரிய கூடைபோல விரிந்து பந்தை வாங்கிக்கொள்ளும். லாஜவே காலத்துக் கையுறை கையைவிடச் சற்றே பெரிய தோலுறை, அவ்வளவுதான். தங்கள் பக்கம் பேட் செய்யப் போகும்போது அதைக் கையோடு எடுத்துப் போகக்கூட மாட்டார்கள். களத்திலேயே புல்மேல் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த வழக்கம் 1954 வரை நீடித்தது.

பந்தும் அப்படித்தான். இன்று ஒரே ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகள் செலவாகின்றன. அன்று ஒரு பந்தை முடிந்தவரை ஓட்டுவார்கள். மண், புகையிலைச் சாறு, எச்சில் எல்லாம் பட்டுப் பந்து கறுத்து, மெத்தென்று ஆகிவிடும். அடித்தாலும் தூரம் போகாது. 1900-லிருந்து 1919 வரையிலான ஆண்டுகளைப் பேஸ்பால்காரர்கள் செத்த பந்துக் காலம் என்பார்கள். ஹோம் ரன் அபூர்வம். பந்தை வேலிக்கு அப்பால் அனுப்புவதைவிட ஆள் இல்லாத இடத்தில் தட்டிவிட்டு ஓடுவதுதான் பேட்டிங். 1903-ல் டெட்ராய்ட் அணியோடு ஆடும்போது எதிரணி கறுத்துப்போன பந்து ஒன்றை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதை மாற்றச் சொல்லி லாஜவே கேட்டார். அம்பயர் மறுத்தார். லாஜவே அந்தப் பந்தை எடுத்துப் பார்வையாளர் அரங்கின் கூரைக்கு மேலே எறிந்துவிட்டார். ஆட்டமே டெட்ராய்டுக்கு வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. அவர் செய்தது தப்புதான். ஆனால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பந்தை எதிர்கொண்டு அவர் சேர்த்த ஹிட்களை எண்ணும்போது, அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது.

சரி, இப்போது சராசரி. கிரிக்கெட்டில் சராசரி என்றால் மொத்த ரன்னை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுப்பது. பேஸ்பாலில் அது வேறு. பேட் பிடித்த முறைகளில் எத்தனை முறை ஹிட் கிடைத்தது என்பதே சராசரி. ஹிட் என்றால் எதிரணியின் பிழை இல்லாமல், அடித்தவர் தன் அடியால் பத்திரமாக ஒரு பேஸையாவது சேர்வது. 1901-ல் லாஜவே 544 முறை பேட் பிடித்து 232 ஹிட் எடுத்தார். 232-ஐ 544-ஆல் வகுத்தால் 0.426. முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு .426 என்று எழுதுவார்கள். பத்துக்கு மூன்று முறை ஹிட் எடுப்பவரே நல்ல பேட்டர், அதாவது .300. பத்துக்கு நாலு முறைக்கும் மேல் என்பது அசாத்தியம். அமெரிக்கன் லீக் வரலாற்றில் ஒரு பருவத்தில் எடுக்கப்பட்ட மிக உயர்ந்த சராசரி இன்றும் அந்த .426-தான்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. கோட்டுக்கு வெளியே போகும் அடியை ஸ்டிரைக் (மூன்று சேர்ந்தால் பேட்டர் அவுட்) என்று எண்ணும் விதி அந்த ஆண்டு அமெரிக்கன் லீக்கில் கிடையாது. 1903-ல்தான் வந்தது. அதனால் 1901-ல் பிடிக்காத பந்துகளைப் பேட்டர் வெளியே தட்டிக்கொண்டே இருந்து பிட்சரைச் சோர வைக்க முடிந்தது. லீக்கும் அன்றுதான் பெரிய லீக் என்று தன்னை அறிவித்துக்கொண்டிருந்த புது லீக். .426-ஐப் பார்க்கும்போது இவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அப்படியும் அதே விதிகளின் கீழ் ஆடிய வேறு யாரும் அவர் பக்கத்தில்கூட வரவில்லை. அந்த ஆண்டு சராசரி, ஹோம் ரன், தன் அடியால் அணிக்குச் சேர்த்துக்கொடுத்த ரன்கள் மூன்றிலும் அவரே முதல். ஹோம் ரன் எத்தனை தெரியுமா? 14.

அவரைப் பார்த்து எதிரணிகள் எவ்வளவு பயந்தன என்பதற்கு 1901 மே மாதத்து ஆட்டம் ஒன்று போதும். ஒன்பதாவது இன்னிங்ஸ். சிகாகோ அணி 11-க்கு 7 என்று முன்னணியில் இருக்கிறது. ஆனால் மூன்று பேஸிலும் லாஜவேயின் அணியினர் நிற்கிறார்கள், பேட் பிடிக்க வருவது லாஜவே. சிகாகோ மேலாளர் கிளார்க் கிரிஃபித் பிட்சரும்கூட. அவரே பந்து வீச வந்து, வேண்டுமென்றே நாலு பந்தையும் லாஜவேக்கு எட்டாமல் வீசி, அவரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டார். அப்படிச் செய்தால் மூன்றாம் பேஸில் இருப்பவர் உள்ளே வந்து ஒரு ரன் இலவசமாகப் போகும். போனால் போகட்டும், இந்த ஆள் அடிக்க வேண்டாம் என்பதே கணக்கு. கணக்கு பலித்தது, சிகாகோ ஜெயித்தது.

இந்த மனிதர் எங்கிருந்து வந்தார்? ரோட் ஐலண்ட் மாநிலத்தில் வூன்சாக்கெட் என்ற ஆலை ஊர். கனடாவிலிருந்து பிழைக்க வந்த பிரெஞ்சு பேசும் குடும்பம். 1874-ல் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் துணி ஆலையில் வேலைக்குப் போனார். அப்புறம் குதிரை வண்டி ஓட்டினார். ஓய்வு நேரத்தில் உள்ளூர் அணிகளுக்கு ஆடினார். 1896-ல் பக்கத்து மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர் அணி மாதம் 100 டாலருக்கு அவரை எடுத்தது. அந்த ஒப்பந்தம் ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது என்பார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள்ளேயே அவரைப் பிலடெல்பியா ஃபில்லீஸ் வாங்கிவிட்டது. முதலில் முதல் பேஸில் நிற்க வைத்தார்கள். ஆறடிக்கும் மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு. அப்படிப்பட்டவர் 1898-ல் இரண்டாம் பேஸுக்கு மாறியதும் அந்த இடம் அவருடையதாகிவிட்டது. அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு அலட்டிக்கொள்ளாமல் பந்தை எடுப்பதைப் பற்றித்தான் அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள்.

ஒரே ஓர் ஆட்டம்

இனி 1902-ஆம் ஆண்டு வரிக்கு வருவோம். பிலடெல்பியா அத்லெடிக்ஸ், 1 ஆட்டம். அடுத்த வரி, அதே ஆண்டு, கிளீவ்லாண்ட், 86 ஆட்டம். இதைப் புரிந்துகொள்ள அன்றைய பேஸ்பாலின் அடிப்படைச் சட்டம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒதுக்கீட்டு விதி என்று அதைச் சொல்லலாம்.

1879-ல் நேஷனல் லீக் (பின்னாளில் ஃபில்லீஸ் ஆடிய பழைய பெரிய லீக்) முதலாளிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு கிளப்பும் ஐந்து வீரர்களைத் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம், மற்ற கிளப்புகள் அவர்களைத் தொடக்கூடாது என்பது அதன் சாரம். சில ஆண்டுகளுக்குள் ஐந்து என்பது கிட்டத்தட்ட மொத்த அணி என்று ஆயிற்று, வீரர் கையெழுத்திடும் ஒப்பந்தத்துக்குள்ளும் நுழைந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் சுதந்திரமானவர் இல்லை. அடுத்த ஆண்டும் அதே கிளப், அது கொடுக்கும் சம்பளம். பிடிக்கவில்லையென்றால் ஆட்டத்தையே விட்டுவிட்டு ஆலைக்கோ வயலுக்கோ போகலாம், வேறு கிளப்புக்குப் போக முடியாது. அதே சமயம் கிளப்புக்கு வேண்டாம் என்று தோன்றினால் பத்து நாள் முன்னறிவிப்போடு வீரரை அனுப்பிவிடலாம். அதோடு நேஷனல் லீக்கில் வருடத்துக்கு 2,400 டாலர் என்று சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு. அதற்கு மேல் கொடுத்தால் ரகசியமாகத்தான்.

லாஜவேக்கு 1900-ல் 2,600 டாலர் கிடைத்தது. அணியின் இன்னொரு நட்சத்திரம் எட் டெலஹன்டிக்கும் அதேதான் என்று நம்பியிருந்தார். அப்புறம்தான் டெலஹன்டிக்கு 3,000 போவது தெரிந்தது. வித்தியாசத்தைக் கொடுங்கள் என்று கிளப் முதலாளி ஜான் ராஜர்ஸிடம் கேட்டார். முழுத் தொகை வரவில்லை. அதே சமயத்தில் அமெரிக்கன் லீக் பிறக்கிறது. ஒதுக்கீட்டு விதியை மதிக்க மாட்டோம், சம்பள உச்சவரம்பும் கிடையாது என்கிறது. அதே ஊரில், பிலடெல்பியாவிலேயே, கானி மாக் என்பவர் அத்லெடிக்ஸ் என்று புது அணி தொடங்குகிறார். லாஜவே அங்கே தாவினார். .426 அடித்தது அங்கேதான்.

ஃபில்லீஸ் நீதிமன்றம் போனது. கீழ் நீதிமன்றம் லாஜவே பக்கம் நின்றது. வீரர் ஆண்டுக்கணக்கில் கட்டுப்பட்டிருக்க, கிளப் பத்து நாளில் விலகிக்கொள்ளலாம் என்றால் இது இரு பக்கமும் சமமான ஒப்பந்தமே இல்லை என்பது அதன் பார்வை. அது நியாயமான பார்வை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 1902 ஏப்ரலில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. வேறு அணிக்கு ஆடக்கூடாது என்று தடை விதித்தது. இங்கே சட்டம் படித்தவர்களுக்கு லம்லி எதிர் வாக்னர் வழக்கு ஞாபகம் வரும். ஒரு பாடகியை இன்ன அரங்கில் பாடு என்று கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் வேறு அரங்கில் பாடாதே என்று தடுக்கலாம் என்று 1852-ல் லண்டனில் வந்த தீர்ப்பு. அந்தத் தர்க்கத்தைத்தான் இரண்டாம் பேஸ்காரருக்கும் பொருத்தினார்கள். அப்படித் தடுக்க வேண்டுமென்றால் அந்த ஆளுக்கு மாற்று ஆள் எளிதில் கிடைக்காது என்று காட்ட வேண்டும். அதற்காக நீதிமன்றம் லாஜவேயின் திறமையைப் புகழ்ந்தது. பேஸ்பால் வானத்தின் சூரியன் அவர் இல்லாமல் இருக்கலாம், ஆனால் நிச்சயமாக ஒரு பிரகாசமான நட்சத்திரம் என்று தீர்ப்பில் எழுதினார்கள். நன்றாக ஆடுகிறார், அதனாலேயே அவரைக் கட்டிப்போடலாம் என்பது இதன் பொருள்.

தீர்ப்பு வந்த சமயத்தில் புதுப் பருவம் தொடங்கியது. முதல் நாள் ஆட்டத்தில் அத்லெடிக்ஸுக்காக ஆடினார். அதோடு சரி. அட்டவணையில் நிற்கும் அந்த 1 இதுதான்.

அமெரிக்கன் லீக் தலைவர் பான் ஜான்சனும் கானி மாக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பென்சில்வேனியா நீதிமன்றத்தின் ஆணை பென்சில்வேனியாவுக்குள்தான் செல்லும். ஒஹாயோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாண்ட் அணிக்கு ஆடினால்? அந்த அணியின் முதலாளி சார்ல்ஸ் சோமர்ஸ் புது லீக்கின் பல அணிகளுக்குப் பணம் கொடுத்துத் தாங்கியவர், மாக் அவருக்குக் கடன்பட்டவர். ஜூன் தொடக்கத்தில் லாஜவே கிளீவ்லாண்ட் சட்டையில் இறங்கினார். ஒரே ஒரு சிக்கல்: கிளீவ்லாண்ட் அணி பிலடெல்பியாவுக்கு ஆடப் போகும்போதெல்லாம் அவரும், அவரைப் போலவே தாவி வந்திருந்த பிட்சர் பில் பெர்ன்ஹார்டும் மாநில எல்லைக்குள் கால் வைக்க முடியாது. அணியை அனுப்பிவிட்டு இருவரும் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரைக்குப் போய்விடுவார்கள். 1903 தொடக்கத்தில் இரண்டு லீக்குகளும் சமாதானம் செய்துகொண்ட பிறகே இந்த ஒளிவு மறைவு முடிந்தது. அந்தச் சமாதானத்தில் ஒதுக்கீட்டு விதியை அமெரிக்கன் லீக்கும் ஏற்றுக்கொண்டது. வீரர்களுக்குத் திறந்திருந்த கதவு இரண்டே வருடத்தில் மூடிக்கொண்டது. அது மறுபடி திறக்க 1975 டிசம்பர் வரை ஆயிற்று. அதற்குள் லாஜவே இறந்து 16 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இன்னொன்றையும் சொல்லாமல் போகக்கூடாது. சம்பளத்துக்காக லாஜவே அணி மாற முடியவில்லை என்று வருத்தப்படுகிறோம். கறுப்பின வீரர்களுக்கு அந்த லீக்குகளின் வாசலே திறக்கவில்லை. 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை அதே நிலைதான். இந்தக் காலத்து எண்கள் எல்லாமே நாட்டின் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்திவிட்டு எடுத்த எண்கள்.

சாயம் பட்ட காயம்

கிளீவ்லாண்ட் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 1903-ல் பத்திரிகை வாக்கெடுப்பில் அணிக்கே நாப்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரின் பெயர் அணிக்கு. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் லீக்கின் சிறந்த சராசரி அவருடையதே. 1905-ல் ஆட்டத்தோடு மேலாளர் பொறுப்பும் சேர்ந்தது.

அந்த ஆண்டு வரியில்தான் 65 ஆட்டம். கோடையில் இரண்டாம் பேஸில் எதிரணிக்காரர் ஒருவரின் ஷூ முள் அவர் காலைக் கிழித்தது. முன்பு சொன்ன அதே இரும்பு முட்களின் ஆபத்து. காயம் பெரிதில்லை. ஆனால் காலுறையின் சாயம் அதில் கலந்து சீழ் வைத்து, இரத்தத்தில் நச்சு ஏறிவிட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம். காலே போய்விடுமோ என்கிற அளவுக்குப் போனது. பருவத்தில் பாதிக்கு மேல் போயிற்று. வண்ணக் காலுறைக்கு உள்ளே வெள்ளைக் காலுறை போட்டுக்கொள்ளும் வழக்கம் பேஸ்பாலில் பரவியதற்கு இந்தக் காயத்தையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். பழைய படங்களில் முழங்காலுக்குக் கீழே வண்ணப் பட்டையும் பாதத்துக்கு மேலே வெள்ளையும் தெரிவது அதுதான்.

மேலாளராக அவர் சோபிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். தனக்கு எளிதாக வந்ததை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர் என்று பேர். மிகவும் இளகிய மனம் வேறு. ஜார்ஜ் ஸ்டோவல் என்ற வீரர் 1907-ல் சண்டையில் அவர் மேல் நாற்காலியைத் தூக்கி அடித்தார். லாஜவே அவரை அணியிலேயே வைத்துக்கொண்டார். கிட்டத்தட்ட வென்ற ஒரே பருவம் 1908. டெட்ராய்ட் 90 வெற்றி, 63 தோல்வி. கிளீவ்லாண்ட் 90 வெற்றி, 64 தோல்வி. மழையால் நின்றுபோன ஆட்டம் ஒன்றை டெட்ராய்ட் மறுபடி ஆட வேண்டியிருக்கவில்லை. அந்த அரை ஆட்ட வித்தியாசத்தில், இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் உலகத் தொடரில் ஆடும் வாய்ப்பு நழுவியது. அடுத்த ஆண்டு நடுவில் மேலாளர் வேலையை விட்டுவிட்டார், வெறும் இரண்டாம் பேஸ்காரராகத் தொடர்ந்தார்.

காருக்காக ஒரு சராசரி

1910. சால்மர்ஸ் கார் நிறுவனம் பெரிய லீக்குகளில் மிக உயர்ந்த சராசரி எடுப்பவருக்கு ஒரு கார் தருவதாக அறிவித்தது. கார் என்பது அன்று பணக்காரர் வீட்டுப் பொருள். போட்டி இருவருக்குள் வந்து நின்றது. 36 வயது லாஜவே, டெட்ராய்டின் 23 வயது டை காப். காப் ஓட்டத்தில் புலி, பேட்டிங்கில் மேதை. ஆனால் சொந்த அணியினரில் பலருக்கே பிடிக்காத மனிதர். கடைசி நாட்களில் தான் முன்னணியில் இருப்பதாக நம்பி, சராசரி இறங்கிவிடாமல் இருக்க, கடைசி இரண்டு ஆட்டங்களில் இறங்கவில்லை.

அக்டோபர் 9 அன்று செயின்ட் லூயிஸில் கிளீவ்லாண்டுக்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம். லாஜவேயின் முதல் அடி வெளிக்களத்துக்காரர் தலைக்கு மேல் போனது, மூன்று பேஸ். அதற்கப்புறம் நடந்ததுதான் விசித்திரம். செயின்ட் லூயிஸின் மூன்றாம் பேஸில் ரெட் காரிடன் என்ற புதுப் பையன். மேலாளர் ஜாக் ஓ'கானர் அவரை வெகு பின்னால், வெளிக்களப் புல் வரைக்கும் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார். லாஜவே அடிக்கிற அடி மூக்கை உடைத்துவிடும் என்பது சொன்ன காரணம். பேட்டை ஓங்காமல் பந்தை மெதுவாகத் தட்டி விடுவதைப் பண்ட் என்பார்கள். மூன்றாம் பேஸ்காரர் அவ்வளவு பின்னால் நின்றால் அந்தப் பக்கம் பண்ட் செய்து நடந்தேகூட முதல் பேஸுக்குப் போய்விடலாம். லாஜவே தட்டினார், மறுபடி தட்டினார். நாள் முடிவில் எட்டுக்கு எட்டு ஹிட். மூன்று பேஸ் அடியைத் தவிர மிச்சம் அநேகமாக எல்லாம் பண்ட். இடையில் ஒரு பண்டை ஹிட் என்று ஸ்கோரர் ஒப்புக்கொள்ளவில்லை. செயின்ட் லூயிஸ் அணியின் ஹாரி ஹவெல், தீர்ப்பை மாற்றினால் புது சூட் வாங்கித் தருவதாக ஸ்கோரருக்கு ஆசை காட்டினார். ஸ்கோரர் மசியவில்லை.

நாடு முழுக்கக் கொந்தளித்தது. பான் ஜான்சன் விசாரித்தார். சொன்னதைச் செய்த காரிடனைக் குற்றம் சொல்லவில்லை. ஓ'கானருக்கும் ஹவெலுக்கும் வேலை போயிற்று. அப்புறம் ஜான்சன் கணக்கு வெளியிட்டார்: காப் .385, லாஜவே .384. பட்டம் காப்புக்கு. கார் நிறுவனம் இருவருக்கும் ஆளுக்கொரு கார் கொடுத்து விஷயத்தை முடித்தது.

எழுபது வருடம் கழித்து அது மறுபடி திறந்தது. பழைய பதிவேடுகளைத் தோண்டிய புள்ளிவிவர ஆர்வலர்கள், காப்பின் ஓர் ஆட்டம் இரண்டு முறை பதிவாகியிருப்பதைக் கண்டார்கள். மூன்று முறை பேட் பிடித்து இரண்டு ஹிட் எடுத்த ஆட்டம். அந்த இரண்டு ஹிட் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. அதை எடுத்து, மற்றத் தவறுகளையும் திருத்தினால் லாஜவே .383, காப் .382. 1981-ல் இது வெளியானபோது பேஸ்பால் ஆணையர் போவி கூன் பட்டத்தை மாற்ற மறுத்துவிட்டார். அதனால்தான் இன்றும் லீக்கின் அதிகாரபூர்வக் கணக்கில் ஓர் எண்ணும் ஆய்வாளர்கள் தொகுத்த கணக்கில் இன்னோர் எண்ணும் இருக்கின்றன. காப்பின் மொத்த ஹிட் சில இடங்களில் 4,191 என்றும் சில இடங்களில் 4,189 என்றும் இருப்பதைப் பார்த்து யாராவது குழம்பினால், அந்த இரண்டும் இங்கே தொலைந்தவைதான்.

யாருக்குப் பட்டம் என்று என்னைக் கேட்டால், எண்ணிக்கையில் லாஜவே முன்னால் இருக்கிறார், ஆனால் அந்தக் கடைசி நாளின் பண்டுகளை எந்தத் திருத்தமும் சுத்தம் செய்யாது. அந்தப் பருவத்தில் அவர் எடுத்த 227 ஹிட்களில் பெரும்பாலானவை உழைத்துச் சம்பாதித்தவை. அந்த ஒரு நாளால் அவையும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாவதுதான் எனக்கு வருத்தம்.

மிச்ச வரிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். 1912-ல் கிளீவ்லாண்டில் அவருக்கு விழா எடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களைக் குதிரை லாட வடிவில் பதித்துப் பரிசளித்தார்கள். 1914 செப்டம்பர் 27-ல் 3,000-ஆவது ஹிட். கேப் ஆன்சன், ஹோனஸ் வாக்னர் இருவருக்கும் அப்புறம் அந்த எண்ணைத் தொட்ட மூன்றாமவர். அதே ஆண்டு அணி கடைசி இடம். 1915-ல் அவர் கிளம்பியதும் கிளீவ்லாண்ட் தன் பெயரை மாற்றிக்கொண்டது.

போன இடம் மறுபடி பிலடெல்பியா, மறுபடி கானி மாக். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் மாக்கின் அணி நான்கு முறை லீக்கையும் மூன்று முறை உலகத் தொடரையும் வென்றிருந்தது. பணநெருக்கடியில் அந்த அணியை மாக் கலைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பேஸில் நின்ற எடி காலின்ஸை சிகாகோவுக்கு விற்றுவிட்டு, அந்த இடத்துக்குத்தான் 40 வயது லாஜவேயைக் கூப்பிட்டார். 1916-ல் அந்த அணி 36 வெற்றி, 117 தோல்வி. லாஜவேயின் சராசரி .246. அட்டவணையின் கடைசி வரி அது. மொத்தம் 2,480 ஆட்டம், 657 இரட்டை பேஸ் அடி, 3,240-க்கு மேல் ஹிட், சராசரி .338. உலகத் தொடர் பக்கத்தில் ஒன்றும் இல்லை. 1937-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்வானார். 1959-ல் ஃப்ளோரிடாவில் இறந்தார்.

ஆனால் அட்டவணை முடிந்த இடத்தில் அவர் ஆட்டம் முடியவில்லை. பெரிய லீக் கணக்கில் சேராத சிறிய லீக்குகளின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். 1917-ல் கனடாவின் டொரான்டோ அணிக்கு மேலாளராகவும் வீரராகவும் போனார். வயது 42. அந்தப் பருவம் .380 அடித்தார். 21 ஆண்டு பெரிய லீக்கில் ஒருமுறைகூடக் கிடைக்காத லீக் வெற்றிக் கொடியை டொரான்டோ அந்த ஆண்டு வாங்கியது.